ஆற்றுப்படுத்தும் எழுத்தும் கெல்லி மாளிகையும்: சுற்றுலாத்தல வருணனை குறித்த ஒரு திறனாய்வு

முன்னுரை

மலேசியாவுக்கு வரும் சுற்றுலாப் பயணியர் பெரும்பாலும் ஒரே தடத்தில் செல்பவர்கள். கோலாலம்பூரின் இரட்டைக் கோபுரம், பத்துமலை, 2008 இல் யுனெஸ்கோவின் உலக மரபுடைமைப் பட்டியலில் இடம்பெற்ற மலாக்கா, ஜார்ஜ்டவுன் நகரங்கள் என்று அத்தடம் நீளும். இதற்கு வெளியே அதிகம் அறியப்படாத, கண்டவரை வியக்கவைக்கும் இடங்கள் பல உள்ளன. தெலுக் இந்தானில் 1885 இல் கட்டப்பட்ட சாய்ந்த கோபுரம், தஞ்சோங் துவாலாங்கில் 1938 முதல் 1982 வரை ஈயம் வாரிய மாபெரும் மிதவை இயந்திரம், பத்து காஜாவுக்கு அருகில் முற்றுப்பெறாமல் நிற்கும் கெல்லி மாளிகை ஆகிய மூன்றும் பேராக் மாநிலத்திலேயே உள்ளன.

இத்தகைய இடங்களைப் பற்றிய எழுத்து இன்று பெருகியுள்ளது. கையேடுகள், அறிவிப்புப் பலகைகள், செய்தித்தாள் கட்டுரைகள், மாணவர் எழுதும் பயணக் கட்டுரைகள் எனப் பல வடிவங்களில் அது வெளிவருகின்றது. இவ்வெழுத்தை இலக்கியத் திறனாய்வுக்கு உரியதாக நாம் கருதுவதில்லை. ஆயினும் ஓர் இடத்தைப் பற்றி அடுத்த தலைமுறை எதை அறியும் என்பதைப் பெரிதும் தீர்மானிப்பது இதுவே. இக்கட்டுரை கெல்லி மாளிகையைப் பற்றிய வருணனைகளில் பரவலாகக் காணப்படும் கதையமைப்பை எடுத்துக்கொண்டு, அது எதைக் காட்டுகின்றது, எதை மறைக்கின்றது என்பதை ஆராய்கின்றது. தமிழின் ஆற்றுப்படை இலக்கியம் இதற்கு அளவுகோலாகக் கொள்ளப்படுகின்றது.

ஆற்றுப்படை என்னும் அளவுகோல்

பயணம் செய்வோனுக்கு வழிகாட்டும் எழுத்து தமிழுக்குப் புதியதன்று. பத்துப்பாட்டில் ஐந்து நூல்கள் ஆற்றுப்படைகள். பரிசில் பெற்றுத் திரும்பும் கலைஞன் ஒருவன், வறுமையோடு எதிர்வரும் மற்றொரு கலைஞனை வள்ளலிடம் வழிப்படுத்துவதே இவ்வகையின் பொது அமைப்பாகும். அருள்பெற முருகனிடம் ஆற்றுப்படுத்தும் திருமுருகாற்றுப்படை மட்டும் இவ்வமைப்பிலிருந்து வேறுபடும்.

இந்நூல்களில் சேரும் இடத்தின் சிறப்பு மட்டும் சொல்லப்படுவதில்லை என்பது கருதத்தக்கது. வழியில் உள்ள நிலங்களும் அந்நிலங்களில் உழைக்கும் மக்களும் சேரும் இடத்துக்கு நிகரான இடத்தைப் பெறுகின்றனர். பெரும்பாணாற்றுப்படையில் உப்பு வணிகரின் வண்டிகள் செல்கின்றன. மிளகுப் பொதி சுமந்த கழுதைகள் நடக்கின்றன. சுங்கம் கொள்ளும் காவலர் நிற்கின்றனர். எயிற்றியர் நிலத்தைக் கிளறிப் புல்லரிசி சேர்க்கின்றனர். சிறுபாணாற்றுப்படையில் உழவர் குடியினர் வெண்சோற்றோடு நண்டுக் கலவை தந்து வழிச்செல்வோரை உண்பிக்கின்றனர். மலைபடுகடாம் இன்னும் ஒரு படி மேலே சென்று, விலங்குக்கு வைத்த பொறிகள், தினைப்புனக் காவலர் எறியும் கவண்கற்கள் முதலிய இடர்களையும் முன்கூட்டியே எச்சரிக்கின்றது. வழியில் நிற்கும் நடுகற்களையும் சுட்டுகின்றது.

ஆற்றுப்படையின் புரவலன் பெரியவன்தான். எனினும் அவனுடைய பெருமை அவனது நாட்டில் உழைப்போரின் வழியாகவே வெளிப்படுகின்றது. வழியில் உள்ளோரை நீக்கிவிட்டால் நூலில் பெரும்பகுதி எஞ்சாது. எனவே, 'இவ்வெழுத்து சேருமிடத்தை மட்டும் காட்டுகின்றதா, அவ்விடத்தை அவ்விடமாக்கிய மக்களையும் காட்டுகின்றதா' என்னும் வினாவை வழிகாட்டும் எழுத்து எதனிடத்தும் நாம் எழுப்பலாம்.

மாளிகையும் அதன் வரலாறும்

வில்லியம் கெல்லி சுமித் 1870 இல் ஸ்காட்லாந்தில் பிறந்தவர். தமது இருபதாம் வயதில், 1890 இல், மலாயாவுக்கு வந்தார். பேராக்கில் காடு திருத்தும் ஒப்பந்தங்களைப் பெற்றிருந்த சார்ல்ஸ் ஆல்மா பேக்கர் என்பவரோடு இணைந்து பணியாற்றிப் பொருளீட்டினார். பின்னர்க் கிந்தா வட்டாரத்தில் நிலம் வாங்கி ரப்பர் தோட்டம் அமைத்தார்; ஈயத் தொழிலிலும் ஈடுபட்டார். 1903 இல் ஆக்னஸ் என்பவரை மணந்தார். மகள் ஹெலன் அடுத்த ஆண்டில் பிறந்தார். தோட்டத்தில் முதலில் ஒரு வீடு எழுந்தது. மகன் அந்தோணி பிறந்த 1915 ஆம் ஆண்டில் அதனையொட்டிப் பெரிய மாளிகையின் கட்டுமானம் தொடங்கியது.

இம்மாளிகைக்காகத் தென்னிந்தியாவிலிருந்து எழுபது கைவினைஞர்கள் அழைத்துவரப்பட்டனர் என்று வரலாறு கூறும். ஆறு தளக் கோபுரமும் மின்தூக்கிக்கான கூடும் அமைந்தன. முதல் உலகப்போர்க் காலம் அது. 1918 இல் உலகெங்கும் பரவிய விஷக்காய்ச்சல் மலாயாவின் தோட்டங்களையும் தாக்கியது. தொழிலாளர் பலர் மாண்டனர், கட்டுமானம் தடைப்பட்டது. 1926 இல் சுமித் லிஸ்பனில் நிமோனியாவினால் இறந்தார். அவர்தம் குடும்பத்தார் தோட்டத்தை விற்றனர். அது ஹாரிசன்ஸ் அன் கிராஸ்பீல்டு நிறுவனத்தின் கைக்கு மாறியது. மாளிகை முற்றுப்பெறவில்லை. நெடுங்காலம் காடு சூழ்ந்து கிடந்து, பின்னர்ச் சுற்றுலாத்தலமாயிற்று. 1999 இல் வெளிவந்த 'அன்னா அன் தி கிங்' என்னும் ஆங்கிலத் திரைப்படத்தின் சில காட்சிகளும் இங்குப் படமாக்கப்பட்டன.

மேற்கண்ட செய்திகளைப் பொதுவாக வழங்கும் வருணனைகள் ஒரு காதல் கதையாகவும் சோகக் கதையாகவும் கோத்துத் தருகின்றன. கனவு கண்ட துரை, மனைவிக்காக எழுந்த மாளிகை, விதியின் குறுக்கீடு, அந்நிய மண்ணில் மரணம் என்று அக்கதை செல்கின்றது. இதில் எழுபது கைவினைஞர்கள் ஓர் எண்ணாக வருகின்றனர். காய்ச்சலில் மாண்டோர் கட்டுமானத்தைத் தாமதப்படுத்திய காரணமாக வருகின்றனர். மனிதர்களாக எவ்விடத்தும் அவர்கள் வருவதில்லை.

'விநோதம்' என்னும் சொல்

இம்மாளிகையை 'விநோதமானது' என்று குறிப்பது வழக்கம். ரப்பர் காட்டின் நடுவே குதிரைலாட வடிவ வளைவுகளோடு கூடிய கட்டடம் எதற்கு என்னும் வியப்பே இச்சொல்லாட்சிக்கு அடிப்படை. ஆயின் இந்த வியப்பு எந்த அளவுக்குப் பொருத்தமானது?

பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் ஆங்கிலேயர் இந்தியாவில் இந்தோ-சரசெனிக் எனப்படும் கலப்புக் கட்டடப் பாணியை வளர்த்தனர். 1892 இல் நிறைவுற்ற சென்னை உயர்நீதிமன்றக் கட்டடம் இதற்குச் சிறந்த சான்று. இப்பாணியே கடல் கடந்து, 1897 இல் நிறைவுற்ற கோலாலம்பூரின் இன்றைய சுல்தான் அப்துல் சமாது கட்டடமாகவும், 1910 இல் திறக்கப்பட்ட கோலாலம்பூர் இரயில் நிலையமாகவும் உருக்கொண்டது. கெல்லி மாளிகையின் வளைவுகள் இவ்வரிசையில் வைத்துக் காணத்தக்கவை. சென்னை மாகாணத்துக் கைவினைஞர்களை வரவழைத்ததும் அப்போது பொருளுடையதாகின்றது. அவர்கள் அறிந்த ஒரு கட்டடமொழியில் கட்டப்பட வேண்டிய மாளிகை அது.

உழைப்பாளர் வருகையும் இவ்வாறே. மலாயாவில் இந்தியத் தொழிலாளருக்கான ஒப்பந்தக்கூலி முறை 1910 இல் முடிவுக்குக் கொண்டுவரப்பட்டது. அதன்பின் கங்காணிமுறை முதன்மை பெற்றது. மாளிகை எழத்தொடங்கிய 1915 ஆம் ஆண்டு, கங்காணிகள் தத்தம் ஊர்களிலிருந்து உறவினரையும் ஊராரையும் தோட்டங்களுக்கு அழைத்துவந்த காலம். மாளிகைக்கு வேண்டிய பணம் அத்தோட்டங்களின் பால்மரங்களிலிருந்து வந்தது. எனவே இங்கே காரணமின்றி நிகழ்ந்தது எதுவுமில்லை. 'விநோதம்' என்பது அந்தக் கட்டடத்தின் இயல்பன்று. அதனைச் சூழ்ந்த வரலாற்றை நீக்கிவிட்டுப் பார்ப்பதனால் உண்டாகும் தோற்றம். வியந்து நின்றுவிடும் பயணி காரணம் கேட்பதில்லை. காரணம் கேட்காத எழுத்தும் அவ்வியப்பை வளர்த்துக்கொண்டே போகின்றது.

கோயில் சொல்லும் கதை

மாளிகைக்கு வருவோருள் சிலரே அங்கிருந்து ஏறத்தாழ ஒன்றரைக் கிலோமீட்டர் தொலைவில் உள்ள மாரியம்மன் கோயிலுக்குச் செல்கின்றனர். காய்ச்சலால் தொழிலாளர் மாண்டபோது, எஞ்சியோர் அம்மனுக்குக் கோயில் வேண்டுமென்று கேட்டதாகவும், சுமித் அதற்கு இசைந்து கட்டித் தந்ததாகவும் வழிவழியாகச் சொல்லப்படுகின்றது. கோயிலின் மேற்பகுதியில் தெய்வத் திருவுருவங்களோடு, வெள்ளை உடையும் தொப்பியும் அணிந்த ஒரு துரையின் சிலையும் நிற்கின்றது. அது சுமித்தைக் குறிப்பதாகவே கருதப்படுகின்றது.

பொதுவான வருணனைகள் இச்சிலையையும் ஒரு விநோதமாகவே காட்டி, தொழிலாளரின் நன்றிக்கடன் என்று ஒரு வரியில் விளக்கிவிடுகின்றன. நன்றி அதில் இல்லை என்று மறுக்க வேண்டியதில்லை. ஆனால் அவ்விளக்கம் போதாது.

முதலாவதாக, கொள்ளைநோய்க் காலத்தில் மாரியம்மனை நாடுவது தமிழ்ச் சிற்றூர் வழிபாட்டின் அடிப்படைகளுள் ஒன்று. அம்மை முதலிய வெப்பு நோய்களைத் தருபவளும் தணிப்பவளும் அவளே என்பது நம்பிக்கை. மருத்துவம் கைகொடுக்காத ஒரு நோயின்முன், ஊரிலிருந்து தாம் கொண்டுவந்த அறிவைத் தொழிலாளர் பயன்படுத்தினர். துரையிடம் அவர்கள் வைத்த வேண்டுகோள், தம் இறப்புக்குத் தாமே பொருள் காணும் ஒரு முயற்சியாகும்.

இரண்டாவதாக, வெள்ளை அதிகாரி ஒருவர் தமிழ்த் தெய்வத்தின் கதைக்குள் வருவது இங்கு மட்டும் நிகழ்ந்ததன்று. மதுரையில் ஆட்சியராக இருந்த ரவுஸ் பீட்டர் மீனாட்சியம்மனுக்குப் பொன்னாலான அங்கவடிகளை அளித்ததும், அதனையொட்டி வழங்கும் கதையும் பலரும் அறிந்தவை. மதுராந்தகத்து ஏரி உடையாமல் இராமர் காத்ததைக் கண்டு ஆட்சியர் லயனல் பிளேஸ் திருப்பணி செய்தார் என்னும் கதையும் இவ்வகையினதே. அதிகாரி வருவது, இடர் நேர்வது, தெய்வத்தின் ஆற்றல் வெளிப்படுவது, அதிகாரி காணிக்கை தருவது என்னும் நான்கு கூறுகள் இக்கதைகளில் தொடர்ந்து காணப்படுகின்றன. கிந்தாத் தோட்டத்துக் கதையும் இந்த வாய்பாட்டில் அமைந்துள்ளது. கப்பலேறி வந்த மக்கள் அம்மனையும், அவளோடு ஒரு கதை சொல்லும் முறையையும் கொண்டுவந்தனர் எனலாம்.

மூன்றாவதாக, இக்கதைகளில் நடுவிடம் யாருக்கு உரியது என்பது நோக்கத்தக்கது. கையேடுகளில் கோயில், சுமித்தின் வாழ்க்கையில் வரும் ஒரு கிளைக்கதை. கோயிலில் சுமித், அம்மனின் கதையில் வரும் ஒரு பாத்திரம். தோட்டத்தின் உரிமையாளர் இங்கே தெய்வங்களின் வரிசையில் ஓர் ஓரத்தில் நிற்கின்றார். தோட்டத்தில் எவ்விடத்தும் கிடைக்காத ஒரு நிலைமாற்றத்தை அத்தொழிலாளர் சுதையில் செய்துகொண்டனர். இது எதிர்ப்பன்று, பணிவு மட்டுமும் அன்று. துரையைத் தம் உலகத்தின் ஒழுங்கிற்குள் அடக்கிக்கொண்ட செயல்.

இதற்கு ஒப்பான காட்சி சிங்கப்பூரிலும் உண்டு. 1922 இல் நகராட்சி இடுகாடாகத் திறக்கப்பட்டு 1973 இல் மூடப்பட்ட புக்கிட் பிரௌனில், சில சீனக் கல்லறைகளின் முன் தலைப்பாகையும் துப்பாக்கியும் கொண்ட சீக்கியக் காவலர் சிலைகள் நிற்கின்றன. காலனிய நகரத்தில் வங்கிகளையும் கிடங்குகளையும் காத்த சீக்கியர்கள் சீனச் செல்வரின் மறுமையுலகையும் காக்கின்றனர். பினாங்கிலோ மலாக்காவிலோ கோட்டைகளைக் காண்பவர் காலனியத்தை ஆண்டவனின் கண்ணால் காண்கின்றார். இக்கல்லறைகளும் அக்கோயிலும் ஆளப்பட்டோர் தம்மையும் பிறரையும் எவ்வாறு கண்டனர் என்பதைக் காட்டுகின்றன. வழக்கமான தடத்திற்கு அப்பாலுள்ள இடங்களின் உண்மையான மதிப்பு இதுவேயாகும்.

பேய்க் கதைகளும் பெயர்களும்

கெல்லி மாளிகையின் பெயர் பரவியதற்குப் பேய்க் கதைகளும் ஒரு காரணம். கரவு வழிகள், இருண்ட கூடங்கள், இரவில் உலவும் உருவங்கள் ஆகியவை இல்லாத வருணனையைக் காண்பது அரிது. இவற்றை மூடநம்பிக்கை என்று ஒதுக்குவது எளிது. ஆனால் கதையாகக் கொண்டு ஆராய்வது பயன்தரும். வழங்கும் கதைகளில் பேயாக வருவோர் பெரும்பாலும் சுமித்தும் அவர்தம் மகளும் ஆவர். சுமித் இறந்தது லிஸ்பனில். அவ்விடத்திலேயே மாண்டவர்களோ காய்ச்சல் கண்ட தொழிலாளர்கள். இருந்தும் அவர்களைப் பற்றிப் பேய்க் கதையும் இல்லை. நினைவுகூரப்படுவோரே பேயாகவும் வரமுடியும்; பெயரற்றோருக்கு அதற்கும் வாய்ப்பில்லை.

பெயர் என்பது இங்கு முதன்மையான சிக்கல். மனைவி, மகள், மகன் ஆகியோரின் பெயர்கள் ஒவ்வொரு வருணனையிலும் உள்ளன. எழுபது கைவினைஞருள் ஒருவர் பெயர்கூடப் பொதுவாக வழங்கும் வருணனைகளில் இல்லை. வீழ்ந்த வீரனின் பெயரையும் பீடையும் கல்லில் பொறித்து வழியில் நட்ட மரபு சங்க இலக்கியத்தில் பேசப்படுகின்றது. அம்மரபில் வந்தோர் எழுப்பிய சுவர்களில் அவர்கள் பெயர் இல்லாதது வெறும் தற்செயலன்று. கூலி எண்ணிக்கையாக மட்டும் மனிதரைப் பதிவுசெய்த ஓர் அமைப்பின் விளைவு அது.

தமிழர் பெருமையின் எல்லை

இவ்விடத்தில் நம்மவர் எழுத்தையும் திறனாய்வுக்கு உட்படுத்த வேண்டும். மேடைகளிலும் செய்தித்தாள்களிலும் 'இது தமிழன் கட்டிய மாளிகை' என்னும் முழக்கம் அவ்வப்போது எழுகின்றது. விடுபட்டோரை நினைவூட்டும் அளவில் அது வரவேற்கத்தக்கது. ஆயினும் அதுவும் பல வேறுபாடுகளை மறைக்கின்றது.

சென்னை மாகாணம் என்பது தமிழ், தெலுங்கு, மலையாளம், கன்னடம் பேசுவோர் வாழ்ந்த நிலப்பரப்பு. அங்கிருந்து வந்த எழுபதின்மரும் தமிழரே என்று சான்றின்றிக் கூறுதல் ஆய்வு நெறிக்கு ஒவ்வாது. மேலும், தொழில் அறிந்து வரவழைக்கப்பட்ட கைவினைஞரும், கங்காணியின் கீழ்ப் பால்வெட்டிய தோட்டத் தொழிலாளரும் ஒரே நிலையினர் அல்லர். கூலி, குடியிருப்பு, ஊர் திரும்பும் வாய்ப்பு ஆகியவற்றில் அவர்களிடையே வேறுபாடு இருந்திருத்தல் இயல்பு. அனைவரையும் 'தமிழன்' என்னும் ஒரே சொல்லில் அடக்கும்போது, கையேடு செய்யும் பிழையையே வேறொரு வகையில் நாமும் செய்கின்றோம். அங்கே மனிதர்கள் எண்ணாகின்றனர், இங்கே முழக்கமாகின்றனர்.

வகுப்பறையும் பயணக் கட்டுரையும்

இருபதாம் நூற்றாண்டுத் தமிழில் பயண இலக்கியத்துக்கு நல்ல மரபு உண்டு. 'உலகம் சுற்றும் தமிழன்' எழுதிய ஏ. கே. செட்டியார் தாம் சென்ற நாடுகளைப் பற்றி எழுதியதோடு, பழைய பயணக் கட்டுரைகளைத் தேடித் தொகுத்தும் வழங்கினார். மலேசியாவுக்கு வந்து சென்ற அகிலன், தோட்டத் தொழிலாளர் வாழ்வை 'பால்மரக் காட்டினிலே' என்னும் நாவலின் களமாக்கினார். விருந்தினராக வருபவரும் வழியில் உள்ளோரைக் காணமுடியும் என்பதற்கு இவை சான்றுகள்.

இம்மரபு பள்ளிக் கட்டுரையில் தேய்ந்துவிட்டது. 'நான் சென்று வந்த சுற்றுலாத்தலம்' என்னும் தலைப்பில் மாணவர் எழுதும் கட்டுரையின் வடிவம் ஆசிரியர் அனைவருக்கும் பழக்கமானது. அதிகாலையில் எழுதல், பேருந்தில் பாடி மகிழ்தல், இடத்தை அடைதல், அறிவிப்புப் பலகையில் உள்ளதைத் திருப்பிச் சொல்லுதல், உணவு உண்ணல், மறக்கமுடியாத அனுபவம் என்று முடித்தல். மொழிப்பயிற்சிக்கு இது உதவலாம். பார்வைப் பயிற்சிக்கு உதவாது.

கெல்லி மாளிகை போன்ற இடத்தை ஆற்றுப்படை முறையில் எழுதச் செய்யலாம். இதற்குச் சில எளிய மாற்றங்கள் போதும். கோயிலை முதலிலும் மாளிகையைப் பின்னரும் காணச்செய்தல் ஒன்று. கதையின் நடுவில் யாரை முதலில் சந்திக்கின்றோமோ அவர் கண்ணால் மற்றவரைப் பார்ப்போம். வரிசை மாறினால் பொருளும் மாறும். பெயர் உள்ளோர், பெயர் இல்லாதோர் என இரு பட்டியல்கள் தயாரிக்கச் செய்தல் மற்றொன்று. ஏற்கெனவே சென்று வந்தவர் இனிச் செல்பவருக்குச் சொல்வதாகக் கட்டுரையை அமைக்கச் செய்தல் மூன்றாவது. அவ்வாறு எழுதும் மாணவர் தம் அனுபவத்தை மட்டும் சொல்லிவிட்டு நிறுத்த முடியாது. எதைக் கேட்க வேண்டும், எதை நம்பிவிடக் கூடாது என்பதையும் சொல்லியாக வேண்டும்.

இதனோடு வாய்மொழிச் செய்திகளைத் திரட்டுதலும் சேர்க்கத்தக்கது. தோட்டங்களுக்குப் பதிவேட்டில் ஒரு பெயரும் தொழிலாளர் நாவில் வேறொரு தமிழ்ப் பெயரும் இருந்தன. தோட்டங்கள் துண்டாடப்பட்டு மக்கள் நகரங்களுக்குப் பெயர்ந்த பிறகு, அப்பெயர்களும் அவற்றோடு ஒட்டிய செய்திகளும் முதியோர் நினைவில் மட்டுமே எஞ்சியுள்ளன. மாணவர் தம் வீட்டுப் பெரியவரிடம் கேட்டு எழுதும் ஒரு பக்கம், ஆவணக் காப்பகத்தில் கிடைக்காத சான்றாக அமையலாம்.

விநோதக் கதைகளே மக்களை அவ்விடத்துக்கு ஈர்க்கின்றன. அவர்கள் செலுத்தும் கட்டணம் கட்டடத்தைக் காக்க உதவுகின்றது என்று கூறுவோர் உண்டு. அக்கூற்றில் உண்மையுண்டு. பேய்க் கதையை நீக்கவேண்டும் என்பது இக்கட்டுரையின் கருத்தன்று. அக்கதையோடு வந்த பயணி அதனோடு மட்டும் திரும்பிவிடக் கூடாது என்பதே கருத்து.

முடிவுரை

கெல்லி மாளிகையைப் பற்றிப் பொதுவாக வழங்கும் வருணனைகள் சேருமிடத்தைக் காட்டி, வழியை மறைக்கின்றன. அதனால் வரலாற்றின் விளைவாகிய ஒரு கட்டடம் காரணமற்ற விநோதமாகத் தோன்றுகின்றது. அருகிலுள்ள மாரியம்மன் கோயிலோ, எழுத்தறிவு பெற வாய்ப்பில்லாத மக்கள் தம் வரலாற்றைத் தாமே அமைத்துவைத்த பனுவலாக நிற்கின்றது. அதனைப் படிப்பதற்கு வேண்டிய கருவிகள் கையேடுகளில் இல்லை. நாட்டார் வழக்காற்றியலிலும், வழிபாட்டு மரபிலும், ஆற்றுப்படை இலக்கியத்திலும் உள்ளன. அவை தமிழாசிரியரின் கைவசம் உள்ளவை. மாளிகையைக் கட்டியோரின் பெயர்கள் இனிக் கிடைக்காமலே போகலாம். பெயர்கள் இல்லை என்பதையாவது அடுத்து அங்குச் செல்லும் மாணவர் அறிந்து செல்வாராயின், ஆற்றுப்படுத்துதல் என்னும் தொழில் ஓரளவு நிறைவேறியதாகக் கொள்ளலாம்.